இரண்டு ஊதுகுழாய், ஒரு சோதனை

செவ்வாய் இரவு ஸோயா அழைத்தாள்.
"மறுபடி குடிக்கிறான்.
நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்."
பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
மகள் காதில் விழாதிருக்கத்
திறந்துவிட்டிருப்பாள்.

வியாழன், நார்வா.
கரைந்து சேறாகி
மறுபடி இறுகிப்போன பனி.
ஆற்றுக்கு அந்தக் கரை வேறு நாடு.
இரண்டு கரையிலும் இரண்டு கோட்டைகள்
வாய்தாவுக்கு வந்த பங்காளிகளைப்போல
முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஐந்தாம் மாடி. மின்தூக்கி இல்லை.
தற்செயலாக வந்தவளின் முகத்தை
வரவழைத்துக்கொள்ள
அத்தனை படிகளும் போதவில்லை.

வெனியமின் கதவைத் திறந்தான்,
விரல்களில் உருளைக்கிழங்குத் தோல்.
"ஆலை மூடினபிறகு கற்றுக்கொண்ட சமையல்."
சிரித்தேன்.
சிரிப்பது என் வேலையில் சேர்த்தியா என்று
பன்னிரண்டு வருடமாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதினெட்டு மாதத்துக்கு ஒரு சொட்டும் கூடாது,
மீறினால் மிச்சமிருக்கும் எட்டு மாதச் சிறை
என்பது தீர்ப்பு.
ஊதினான்,
பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பவனைப்போலக்
கண்ணை மூடிக்கொண்டு.
பூஜ்யம்.
கருவியைத் தட்டிப் பார்த்தேன். பூஜ்யம்தான்.

"இப்ப நான்" என்றாள் உல்யானா.
ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.
விதிமுறைப் புத்தகம் இதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.
புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தேன்.
பல் இல்லாத இடத்தில் காற்று நழுவ
மூன்றாம் முறைதான் கருவி ஒப்புக்கொண்டது.
"இப்ப அம்மா!"

ஸோயா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
அடுப்பில் எதுவும் இல்லை.
"எனக்கு வேலை கிடக்கிறது."
வெனியமின் தன் பாதங்களைப் பார்த்தான்.
குழந்தை கருவியை நீட்டியபடியே நின்றாள்.
பிறகு, பழகியவளைப்போல,
தானே கையை இறக்கிக்கொண்டாள்.

இறக்கிக்கொண்ட அந்தக் கைக்கு
எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

நீதிமன்றம் எனக்குக் கொடுத்தது
அவன் மூச்சு ஒன்றைத்தான்.
அவள் மூச்சு அவளுடையது.
அவள் சொன்ன பொய்,
அல்லது
விகுதி மட்டும் பிறழ்ந்துபோன அந்த உண்மை,
என்னிடம் அடைக்கலமாக வந்திருக்கிறது.
குழந்தைநல அலுவலகத்துக்கு எழுதினால்
வீடு ஆட்டம் காணும்.
வீடு நிற்பதால்தான் அவன் பூஜ்யம் ஊதுகிறான்.
எழுதாமல் விட்டால்?
ஒருமுறை விட்டிருக்கிறேன், ரக்வெரெயில்.
அந்தப் பையனின் பெயரை
இங்கே எழுதமாட்டேன்.

காரில் பதினொரு நிமிடம்.
கண்ணாடி முழுக்க என் மூச்சு.
பிறகு திரும்பவும் ஐந்து மாடி.

ஸோயாவைப் படிக்கட்டுக்கு அழைத்தேன்.
கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள்.
"நாளை எழுதப்போகிறேன்.
உங்களிடம் முதலில் சொல்ல வந்தேன்."
"உங்களைக் கூப்பிட்டதே நான்தானே" என்றாள்.
அதற்கு மேல் பேசவில்லை.
அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.
இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அப்புறம் எந்தச் செவ்வாயிலும்
தொலைபேசி ஒலிக்கவில்லை.

மாதக் கடைசிக் கணக்கில்
மேலாளர் தார்மோ சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்:
ஊதுகுழாய் செலவு இரண்டு,
சோதனை ஒன்று. விளக்கம் தருக.

விசிலாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்,
கொடுத்துவிட்டேன்.
விளக்கத்துக்கு விட்டிருக்கும் இடமோ ஒரு வரி.
"பழுது" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்,
ரேத் கூலாட்ஸ்,
நன்னடத்தை அலுவலர்.